'பாவம் டாம்'னு எழுதி முடிச்சுடாதீங்க! - 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படிக்கும் மாணவரின் நோட்டு

மொபைலை எடுத்து 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று தட்டிப் பாருங்கள். கதைச்சுருக்கம், பாத்திரங்கள், மையக்கருத்து, பறவை எதற்குக் குறியீடு, அட்டிகஸ் ஏன் நல்லவர்... எல்லாம் ரெடியாக வந்து நிற்கும். ஏ.ஐ-யிடம் கேட்டால், 14 வயது மாணவர் எழுதியது போலவே ஒரு கட்டுரையும் கொடுத்துவிடும். அதில் பெரிதாகத் தப்பு இருக்காது. மார்க்கும் கிடைக்கலாம்.

ஆனால், அந்த நாவல் உங்களை என்ன செய்தது என்பது மட்டும் அதில் இருக்காது.

அமெரிக்கப் பள்ளிகளில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இந்த நாவல் பாடம். சில அத்தியாயங்கள் முடிந்ததும், 'உனக்கு என்ன தோணுச்சு, எழுது' என்று சொல்வது அங்கே பல டீச்சர்களின் வழக்கம். இது சரியான விடையைக் கண்டுபிடிக்கும் பரீட்சை அல்ல. படித்தபோது கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா, எங்கே குழம்பினீர்கள் என்பதை அப்படியே எழுதிவைக்கும் நோட்டு. இந்த நாவலைப் பொறுத்தவரை, அந்த நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியதும் கடைசிப் பக்கத்தில் எழுதியதும் ஒன்றாக இருக்கவே இருக்காது. இருந்தால், நீங்கள் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, நீங்களே அந்த மாணவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நோட்டு எப்படி வளரும் என்று பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறோம். ட்விஸ்ட் தெரியக் கூடாது என்றால், புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். இது ஓடிப்போகாது.

கதை, ரெண்டே நிமிஷத்தில்

இடம், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாகாணம். மேகோம்ப் என்ற கற்பனை ஊர். காலம், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். வக்கீல் ஃபீஸுக்குப் பதிலாக விறகும் கீரையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு ஊரில் காசுப் பஞ்சம்.

கதை சொல்பவள் ஸ்கவுட். கதை தொடங்கும்போது அவளுக்குக் கிட்டத்தட்ட ஆறு வயது. அண்ணன் ஜெம், நான்கு வயது மூத்தவன். அம்மா இல்லை. அப்பா அட்டிகஸ் ஃபின்ச், வக்கீல். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண். லீவுக்கு வந்துபோகும் சிநேகிதன் டில். சில வீடுகள் தள்ளி, பல வருடங்களாக வெளியே தலையே காட்டாத ஒருவர் வாழும் வீடு. அவர் பெயர் பூ ராட்லி.

டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, மயெல்லா யூவெல் என்ற வெள்ளையினப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம்சாட்டப்படுகிறார். அவருக்காக வாதாடும் பொறுப்பு அட்டிகஸிடம் வருகிறது. ஊர் அந்தக் குடும்பத்தின் மேல் திரும்புகிறது.

எழுதியவர் ஹார்ப்பர் லீ. அலபாமாவின் மன்றோவில் என்ற சிற்றூரில் 1926-ல் பிறந்தவர். அவருடைய அப்பாவும் வக்கீல்தான். டில்லுக்கு மாடல், சின்ன வயதில் அவர் பக்கத்து வீட்டில் இருந்த ட்ரூமன் கபோட்டி. அவரும் பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆனார். நாவல் 1960-ல் வந்தது. 1961-ல் புலிட்சர் பரிசு. 1962-ல் படம். அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். அறிமுகம் போதும். நோட்டைத் திறப்போம்.

முதல் பக்கம்: 'இந்த டீச்சர் ரொம்ப மோசம்!'

ஸ்கவுட்டின் முதல் நாள் ஸ்கூல். அவளுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியும். தினமும் ராத்திரி அப்பா மடியில் உட்கார்ந்து நியூஸ்பேப்பர் பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது. புது டீச்சர் மிஸ் கரோலினுக்கு அது பிடிக்கவில்லை. 'இனிமேல் அப்பா உனக்குச் சொல்லித்தரக் கூடாது' என்கிறார். மதியம் இன்னொரு சம்பவம். வால்டர் கன்னிங்ஹாம் என்ற ஏழைப் பையன் சாப்பாடு கொண்டுவரவில்லை. டீச்சர் கடனாகக் காசு நீட்டுகிறார். அவன் வாங்க மறுக்கிறான். திருப்பித்தர முடியாததை வாங்கும் பழக்கம் அவன் குடும்பத்துக்குக் கிடையாது. ஸ்கவுட் எழுந்து இதை விளக்கப்போக, அவளுக்கு உள்ளங்கையில் ஸ்கேல் அடி.

இந்த இடத்தில் உங்கள் நோட்டில் என்ன எழுதுவீர்கள்? 'அநியாயம். தெரிஞ்சதைச் சொன்னதுக்கு அடியா?' நியாயமான கோபம். எழுதுங்கள். நமக்கும் ஒரு வகுப்பறை ஞாபகம் வந்திருக்கும். செய்யாத தப்புக்கு பெஞ்ச் மேல் நின்ற நாள் யாருக்குத்தான் இல்லை?

ஆனால், ராத்திரி அட்டிகஸ் மகளிடம் வேறு ஒரு கோணத்தைக் காட்டுகிறார். அந்த டீச்சருக்கும் இன்றைக்குத்தான் முதல் நாள். வெளியூர்க்காரர். யார் வீட்டுப் பிள்ளை காசு வாங்கும், யார் வீட்டுப் பிள்ளை வாங்காது என்று முதல் நாளே அவருக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் இடத்தில் நின்று பார்க்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் அப்பாவின் பாடம்.

அன்றைக்கு மத்தியானமே வேறொரு பாடமும் நடந்திருக்கும். வால்டரை ஜெம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவருகிறான். வால்டர் தட்டு முழுக்க இனிப்புப் பாகை ஊற்றிக்கொள்ள, ஸ்கவுட் அதைப் பார்த்து 'என்ன பண்றே' என்று சத்தம் போடுகிறாள். கல்பூர்னியா அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், வீட்டுக்கு வந்தவரை அவமதிக்காதே என்று வெளுத்துவாங்குகிறார். காலையில் அநியாயத்துக்கு ஆளான அதே பிள்ளை, மதியம் இன்னொரு பிள்ளையை அவமானப்படுத்துகிறது. நடுவில் ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முதல் பக்கத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். நமக்கு நடந்தால் அநியாயம் உடனே கண்ணில் படும். நாம் செய்தால் படாது.

இரண்டாம் பக்கம்: 'பூ ராட்லி வீட்டுப் பக்கம் போகவே பயம்!'

ஊர் பூ ராட்லியைப் பற்றிச் சொல்லும் கதைகள் திகில் பட ரேஞ்சுக்கு இருக்கும். ராத்திரியில் திரிவார், அணிலைப் பச்சையாகத் தின்பார், ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பார். பிள்ளைகளுக்கு அவர் ஒரு விளையாட்டு. அவர் வாழ்க்கையையே நாடகமாக்கித் தெருவில் நடிக்கிறார்கள். படிக்கும் நமக்கும் ஜாலியாக இருக்கும்.

அப்புறம், அந்த வீட்டு ஓரத்து மரப்பொந்தில் ஒவ்வொன்றாகப் பொருள்கள் வர ஆரம்பிக்கும். சூயிங்கம். பழைய நாணயங்கள். சோப்பில் செதுக்கிய ரெண்டு பொம்மைகள், ஒன்று ஜெம் சாயலில், இன்னொன்று ஸ்கவுட் சாயலில். ஒரு பழைய கடிகாரம். யாரோ இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், அன்பாக. இவர்கள் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டு போகும்போது, பொந்து சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. அடைத்தவர் பூவின் அண்ணன். மரம் பட்டுப்போகிறது என்று காரணம் சொல்கிறார். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. அன்று சாயந்திரம் ஜெம் வாசலில் தனியாக நின்றுவிட்டு உள்ளே வருகிறான். முகத்தில் அழுத தடம்.

அவன் ஏன் அழுதான் என்று ஸ்கவுட் சொல்ல மாட்டாள். அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஹார்ப்பர் லீயின் முறையே இதுதான். சின்னப் பெண் பார்த்ததை மட்டும் சொல்வாள், அர்த்தத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது முதலில் எழுதிய 'பயம்' என்ற வார்த்தையைத் திரும்பிப் பாருங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி ஊர் சொன்னதை நாமும் நம்பி ரசித்தோமே! ஒருத்தரைப் பற்றிய வீடியோவை, அது உண்மையா என்று பார்க்காமல் நாலு குரூப்புக்குத் தட்டிவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கூச்சம் நன்றாகவே புரியும். அதையும் எழுதுங்கள். அந்த 'பயம்' என்ற வார்த்தையை மட்டும் அடிக்காதீர்கள். அது பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் பக்கம்: 'ஆதாரம் இருக்கே... ஜெயிச்சுடுவாங்க!'

கோர்ட் காட்சி. வெள்ளையர்கள் கீழே, கறுப்பினத்தவர் மாடியில். அப்பாவுக்குத் தெரியாமல் வந்த பிள்ளைகளுக்குக் கீழே இடம் இல்லை. மாடியில் பாதிரியார் சைக்ஸுடன் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வழக்கை நாம் அங்கிருந்துதான் பார்க்கிறோம்.

அட்டிகஸ் கத்தவில்லை. மேஜையைத் தட்டவில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். மயெல்லாவுக்கு முகத்தில் எந்தப் பக்கம் காயம்? வலது பக்கம். எதிரே நின்று அந்தப் பக்கம் அடிக்க, பெரும்பாலும் இடது கைக்காரராக இருக்க வேண்டும். மயெல்லாவின் அப்பா பாப் யூவெலிடம் ஒரு காகிதத்தில் பெயர் எழுதச் சொல்கிறார். அவர் எழுதுவது இடது கையால். டாம் எழுந்து நிற்கிறார். அவரது இடது கை வலது கையைவிடக் குட்டை, செயலே இல்லை. சிறு வயதில் பருத்தி ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கிய கை. தவிர, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் அன்று டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவச் சான்று எதுவும் கிடையாது.

ஜெம்முக்கு நம்பிக்கை பொங்குகிறது. நமக்கும்தான். 'கேஸ் முடிஞ்சுது' என்று நோட்டில் எழுதுவோம்.

பன்னிரண்டு ஜூரிகள் திரும்பி வருகிறார்கள். குற்றவாளி. ஜெம் அழுகிறான்.

அதன்பிறகு சிறையிலிருந்து தப்பி ஓட முயன்றதாக டாம் சுட்டுக்கொல்லப்படுகிறார். உடம்பில் 17 குண்டுகள்.

'இதெல்லாம் கதைக்காகக் கூட்டிச் சொன்னது' என்று தோன்றினால், நிஜத்தைப் பாருங்கள். 1931-ல் இதே அலபாமாவில், சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது இரண்டு வெள்ளையினப் பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள். ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் விசாரணை. ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளையர். சில நாள்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1933-ல் அந்தப் பெண்களில் ஒருவர், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னார். அப்போதும் ஜூரி 'குற்றவாளி' என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. மரண தண்டனை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு முறையான வக்கீல் வேண்டும் என்று 1932-லும், கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குவது சட்டவிரோதம் என்று 1935-லும் தீர்ப்பு வந்தது. மரண தண்டனை நிறைவேறவில்லை. ஆனாலும், செய்யாத குற்றத்துக்கு அவர்கள் இளமை சிறையில் போனது. மிச்சம் இருந்த கடைசி மூவருக்கு அலபாமா மாகாணம் மன்னிப்பு வழங்கியது 2013-ல். அப்போது அவர்களில் ஒருவர்கூட உயிருடன் இல்லை.

ஆக, மேகோம்ப் கற்பனை. அந்தக் கோர்ட் கற்பனை இல்லை.

நான்காம் பக்கம்: 'பாவம் டாம்'

இந்த நாவலைப் படித்த பெரும்பாலோர் நோட்டில் இந்த இரண்டு வார்த்தை இருக்கும். இங்கேதான் கொஞ்சம் நிறுத்தணும்.

நம்ம தமிழில் 'பாவம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. 'பாவம் செய்யாதே' என்கிறோம், 'ஐயோ பாவம்' என்றும் சொல்கிறோம். இந்த நாவலில் இரண்டு பாவமும் இருக்கிறது.

முதல் பாவம், புத்தகத்தின் பெயரிலேயே. பிள்ளைகளுக்கு ஏர் கன் கிடைக்கிறது. மாக்கிங்பேர்டை மட்டும் சுடாதீர்கள், அது பாவம் என்கிறார் அட்டிகஸ். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை ஸ்கவுட் கேட்டது அந்த ஒரே தடவைதான். மற்ற பறவைகளின் குரலை எல்லாம் எடுத்துப் பாடும் பறவை அது. பயிரைத் தின்னாது, யாருக்கும் தொல்லை தராது. பாடுவதைத் தவிர ஒன்றும் செய்யாததைக் கொல்வது ஏன் பாவம் என்று எதிர்வீட்டு மிஸ் மாடி விளக்குகிறார்.

இரண்டாவது பாவம், கோர்ட்டில். அரசு வக்கீல் டாமை மடக்குகிறார். 'காசு வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை வேலை செய்து கொடுத்தாய்?' டாம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் கிடந்து கஷ்டப்பட்டாள், பார்க்கப் பரிதாபமாக இருந்தது என்று. அவ்வளவுதான். கோர்ட் முழுக்க ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. டாம் தப்பாகச் சொல்லிவிட்டது அவருக்கே புரிகிறது.

ஏன்? இரக்கம் எப்போதும் மேலேயிருந்து கீழே போவது என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். யூவெல் குடும்பம் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறது. அரசு உதவித்தொகையைக் குடித்தே தீர்க்கும் அப்பா. ஊரில் அவர்களை மதிப்பார் இல்லை. ஆனாலும் அவர்கள் வெள்ளையர். டாமுக்கு வேலை இருக்கிறது, மனைவி, மூன்று பிள்ளைகள், மரியாதை, அவருக்காகக் கோர்ட்டில் எழுந்து பேசும் முதலாளி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவர் கறுப்பினத்தவர். கறுப்பின மனிதர் ஒருவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து 'பாவம்' என்று சொல்வதா? மேல், கீழ் என்று கட்டிவைத்த ஏணியே அந்த ஒரு வார்த்தையில் ஆடிப்போகிறது. அந்த ஏணிக்கு முன்னால் இடது கை ஆதாரமெல்லாம் செல்லவில்லை.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். 'பாவம் டாம்' என்று எழுதினீர்களே, எங்கேயிருந்து எழுதினீர்கள்? மேலேயிருந்துதானே?

தப்பு சொல்லவில்லை. அந்த இரக்கம் உண்மையானது. ஆனால் டாம் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. அவருக்குச் சேர வேண்டியது நியாயமான தீர்ப்பு, அது அவருடைய உரிமை. 'ஐயோ பாவம்' சொல்ல நமக்கு ஒரு நொடி போதும், எதையும் இழக்கவும் வேண்டாம். நியாயம் கொடுக்க அந்தப் பன்னிரண்டு பேர் தங்கள் ஊரையே எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் டாமைப் பார்த்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டும் இருக்கலாம். அந்தப் பரிதாபத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், நாவல் உங்களுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் பக்கம்: 'நல்லவங்களா, கெட்டவங்களா?'

வழக்குக்குப் பிறகு ஒரு வகுப்பறைக் காட்சி வரும். பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் கடக்காதீர்கள். டீச்சர் மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறார். நாம் ஜனநாயக நாடு, இங்கே யாரையும் துன்புறுத்துவதை ஏற்க மாட்டோம் என்கிறார். உண்மையாகவே வருத்தப்படுகிறார். ஆனால் அன்று கோர்ட் வாசலில், கறுப்பினத்தவருக்குப் பாடம் புகட்ட வேண்டியதுதான் என்று அதே டீச்சர் பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். 'எங்கேயோ இருக்கிற ஹிட்லரை வெறுப்பவர், உள்ளூரில் இருப்பவர்களிடம் எப்படி இப்படி?' என்று அவள் ஜெம்மிடம் கேட்க, ஜெம் கோபத்தில் வெடிக்கிறான். பதில் அவனிடமும் இல்லை.

இதன் மறுபக்கமும் நாவலில் உண்டு. விசாரணைக்கு முதல் நாள் ராத்திரி, டாமை அடித்துக் கொல்ல ஒரு கும்பல் ஜெயில் வாசலுக்கு வருகிறது. அதில் வால்டரின் அப்பாவும் இருக்கிறார். ஸ்கவுட் அவரை அடையாளம் கண்டு, 'உங்க பையன் என் கிளாஸ்தான், அவனை விசாரிச்சேன்னு சொல்லுங்க' என்று வெகுளியாகப் பேசுகிறாள். கும்பலில் ஒருவராக வந்தவர், ஒரு பையனின் அப்பாவாகத் திரும்பிப்போகிறார்.

நல்லவர் ஒரு பெட்டி, கெட்டவர் ஒரு பெட்டி என்று பிரித்து எழுதும் வசதியை இந்த நாவல் நமக்குக் கொடுப்பதில்லை. அநியாயம் செய்ய அரக்கர்கள் தேவையில்லை. சர்ச்சுக்குப் போகிற, கடனைத் திருப்பிக்கொடுக்கிற, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற சாதாரண மனிதர்களே போதும்.

ஆறாம் பக்கம்: 'எனக்கு இந்த புக் மேலயே ஒரு கேள்வி!'

கிளாசிக் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா என்ன? நல்ல மாணவரின் நோட்டில் புத்தகத்தோடு ஒரு சண்டை இருக்கும். இந்த நாவலோடு சண்டை போட நிறையவே காரணங்கள் உண்டு.

டாமின் வாழ்க்கை என்ன? கோர்ட்டில் பேசுவதைத் தவிர அவர் குரல் நமக்குப் பெரிதாகக் கிடைப்பதில்லை. அவர் மனைவி ஹெலனின் துக்கத்தை, இன்னொருவர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். கல்பூர்னியா தன்னோடு சர்ச்சுக்கு அழைத்துப்போகும்போதுதான், அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதே ஸ்கவுட்டுக்குத் தெரியவருகிறது. கறுப்பினத்தவருக்கு நடந்த அநியாயத்தை, வெள்ளையினச் சிறுமி சொல்ல, வெள்ளையின வக்கீல் ஹீரோ ஆகிறார். அமெரிக்காவில் பலர் வைத்த விமர்சனம் இது. 2009-ல் மால்கம் கிளாட்வெல், அட்டிகஸ் தனி மனிதர்களின் மனதை மாற்றப் பார்த்தாரே தவிர, அமைப்பை மாற்ற நினைக்கவில்லை என்ற கோணத்தில் எழுதினார். 2018-ல் ஆரன் சார்க்கின் இதை பிராட்வே நாடகமாக்கியபோது, கல்பூர்னியாவுக்கும் டாமுக்கும் கூடுதலாகப் பேச இடம் கொடுத்தார்.

பள்ளிகளிலும் சண்டை ஓயவில்லை. 1966-ல் வர்ஜீனியாவில் ஒரு பள்ளி வாரியம், ஒழுக்கக்கேடான புத்தகம் என்று சொல்லி இதை நீக்கப்பார்த்தது. ஹார்ப்பர் லீ அங்குள்ள பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, கூடவே 10 டாலரும் அனுப்பினார். வாரிய உறுப்பினர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காம்! 2017-ல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில், இதன் மொழி சிலரைச் சங்கடப்படுத்துகிறது என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். 2022-ல் வாஷிங்டன் மாகாணத்தின் முகில்டியோவில், ஒன்பதாம் வகுப்பின் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அங்கே கேட்ட ஆசிரியர்களின் காரணம் வேறு. நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதை வகுப்பில் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் கறுப்பின மாணவரின் நிலை என்ன என்பது அவர்கள் கவலை. ஒரே புத்தகம், ஒரே வகுப்பு. பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு அது வேறு புத்தகமாக இருக்கிறது.

2015-ல் இன்னொரு அதிர்ச்சி. 'மாக்கிங்பேர்ட்'டுக்கு முன்னால் ஹார்ப்பர் லீ எழுதிவைத்திருந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளியானது. அதில் ஸ்கவுட் வளர்ந்து ஊருக்குத் திரும்புகிறாள். வயதான அட்டிகஸ், இனப் பிரிவினையை ஆதரிப்பவர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அட்டிகஸைக் கொண்டாடிய வாசகர்கள் நொறுங்கிப்போனார்கள்.

இன்னும் ஒரு கேள்வி, முடிவிலேயே இருக்கிறது. ஹாலோவீன் ராத்திரியில் பாப் யூவெல் பிள்ளைகளைக் கத்தியால் தாக்க வருகிறார். காப்பாற்றுவது பூ ராட்லி. யூவெல் இறந்துபோகிறார். ஷெரிஃப், 'அவன் தன் கத்தி மேலேயே விழுந்து செத்தான்' என்று சொல்லி வழக்கை முடிக்கிறார். கூச்ச சுபாவமுள்ள பூவை ஊருக்கு முன்னால் இழுத்து நிறுத்தினால், அது மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரிதான் என்று ஸ்கவுட்டும் புரிந்துகொள்கிறாள். நெகிழ்ச்சியான இடம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. பூவுக்காகச் சட்டம் கொஞ்சம் வளைந்தது. டாமுக்குச் சட்டம் வளையக்கூட வேண்டாம், நேராக நின்றிருந்தாலே போதுமே. ஏன் நிற்கவில்லை?

இதற்கு ரெடிமேட் விடை கிடையாது. அதனால்தான் இதை நோட்டில் எழுத வேண்டும்.

சரி, எப்படி எழுதுவது?

இந்த நாவலுக்கு மட்டுமில்லை, எதைப் படித்தாலும் உதவும் சில பழக்கங்கள்:

அன்றைக்கே எழுதுங்கள். படித்து முடித்த ராத்திரியே நாலு வரி. மொபைல் நோட்ஸ் ஆப் போதும். விமர்சனங்களைத் தேடிப் படிப்பது அதற்கு அப்புறம். இல்லையென்றால் அடுத்தவர் கோபம் உங்கள் கோபம் மாதிரியே தெரியும்.

காட்சியைச் சொல்லுங்கள். 'இனவெறி தவறு என்று உணர்ந்தேன்' என்று எழுத நாவல் படிக்கவே வேண்டாம். 'சிமென்ட் அடைத்த பொந்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆச்சு' என்று எழுத, படித்திருக்க வேண்டும்.

யார் பேசவில்லை என்று பாருங்கள். ஒவ்வொரு காட்சியிலும், அங்கே இருந்தும் வாய் திறக்காத ஒருவர் இருப்பார். அவர் பக்கம் நின்று மூன்று வரி எழுதிப் பாருங்கள்.

உங்கள் வாழ்க்கையைத் தொடுங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். ஸ்கேல் அடி வாங்கிய ஞாபகம் ஸ்கவுட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் ஸ்கவுட் வாங்கிய அடியும் டாம் வாங்கிய தீர்ப்பும் ஒன்றில்லை. 'எனக்கும் இப்படித்தான்' என்பது தொடக்கம் மட்டுமே.

பழையதை அழிக்காதீர்கள். கருத்து மாறினால் கீழே தேதி போட்டு எழுதுங்கள். பூ ராட்லியைப் பார்த்துப் பயந்த அந்த முதல் வரி இருந்தால்தான், எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஸ்கவுட்டும் இதைத்தான் செய்தாள். கடைசியில் பூவைக் கைபிடித்து அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்த வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று தன் தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் கோணத்திலிருந்து அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. தாங்கள் விளையாடியது, ஓடியது, பயந்தது எல்லாம் அந்த ஜன்னலிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது புரிகிறது. அவ்வளவு நாளும் பார்த்த அதே தெருதான், அவள் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

ஆனால், ஸ்கவுட் போய் நின்றது பூ வீட்டு வாசலில். டாம் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை, புத்தகத்திலும் அது இல்லை. அந்த வேலை உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. 'பாவம் டாம்' என்ற வரி நோட்டில் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, 'டாமுக்கு உண்மையில் கிடைத்திருக்க வேண்டியது என்ன, அதைக் கொடுக்க வேண்டியவர்கள் யார்?' என்று எழுதிப் பாருங்கள். பக்கம் பத்தாது!